துரப்பணத்தை யாழாக்கிய அலுவலகம்

அந்த அருங்காட்சியகத்தின் கிடங்கில் பழைய சாமான்களைப் பிரிக்க ஒரு விதி இருந்தது. நரம்போ நாணோ இருந்தால் இசை. கோடு கிழித்திருந்தால் அளவை. இரண்டும் இல்லாத அநாதைகள் எல்லாம் தொழில். விதியைப் போட்டது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அதைச் சொல்லும்போது எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். இந்த விதியின் புண்ணியத்தில் கொத்தனார் சுவருக்கு நேர் பார்க்கும் தூக்குநூல் போன மாதம் பிடிலுக்குப் பக்கத்தில் மூன்று நாள் தொங்கியது.

அதை இறக்கிக் கொண்டுவந்தது குறடுதான். சாமான்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் பெண் அவள். பிடித்தால் விடமாட்டாள் என்று அலுவலகம் சூட்டிய பெயர் அது. குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆளும் அவள்தான், அப்பா தச்சர். ஓராண்டுத் தற்காலிகம் இன்றோடு முடிகிறது. பதிவேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு சாமான்களுக்கும் ‘பெயர் சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மாலையில் நிரந்தர உத்தரவு.

இருநூற்றுப் பதினொன்றுக்குப் போட்டுவிட்டாள். மிச்சமிருந்த ஒன்றில், நூற்று முப்பத்தெட்டாம் எண் சாமானில், பேனா நின்றது.

‘வில்யாழ். ஒற்றை நரம்பு. உடன் தாளக்கோல். கோலின் இரும்பு முனை நாதத்தைத் தரைக்குக் கடத்தும்’ என்று அதன் பெயர்ச்சீட்டில் எழுதியிருந்தது. இசைச் சாமான்களுக்கு மட்டும் சீட்டு எழுதுபவர் இசை ஆலோசகர். நாள் முழுக்க மூக்குக்குள் முனகிக்கொண்டே இருப்பதால் அவருக்குச் சுருதிப்பெட்டி என்று பெயர்.

“சார், இது துரப்பணம். மரத்துல ஓட்டை போடுறது” என்றாள் குறடு, இயக்குநர் அம்மாவின் அறையில்.

“நீங்க படிச்சது வரலாறு. நரம்பை எங்கிட்ட விட்டுடுங்க” என்றார் சுருதிப்பெட்டி. புது இசை அறையின் திறப்புவிழாவில் வாசிப்பதற்காக அதே போல ஒரு நகல் வேறு செய்து வாங்கியிருந்தார். வில்லை எடுத்து நாணைச் சுண்டினார். ஙொய்ங் என்றது.

“சத்தம் வருதேம்மா” என்றார் இயக்குநர்.

“உங்க ரூம் கதவுகூடத்தான் சத்தம் போடுது மேடம். அதையும் கழட்டி இசை அறையில வச்சிரலாமா?”

இயக்குநர் கதவைப் பார்த்தார். மூன்று வருடமாக எண்ணெய் கேட்டு எழுதியும் வராத கதவு.

“நாலு மணி வரைக்கும் டைம். கையெழுத்தோட வா. இல்லன்னா வராத.”

குறடு படிக்கட்டில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் மின்துரப்பணம் அலறி ஓய்ந்தது.

“என்ன பாப்பா, ஆர்டர் வந்துருச்சா?”

விஷயத்தைச் சொன்னாள்.

“தொரப்பணத்தையா? யாழுன்னா?” அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “போட்டுக் குடுத்துட்டு வாம்மா. அதுக்கு என்ன பேரு வச்சா என்ன, அதுக்கு வலிக்கவா போகுது?”

“எனக்கு வலிக்குதுப்பா.”

“கௌரவமாத்தானே வைக்கிறாங்க.”

“அதாம்ப்பா பிரச்சினை. உன் கையில இருந்தா சாமான், அவரு கையில இருந்தா கலையா?”

“வேல போயிட்டா வீட்டுல நீதான் உங்கம்மாகிட்ட சொல்லணும். என்னால ஆகாது” என்று அப்பா போனை வைத்துவிட்டார். தைரியசாலி.

நாலு மணிக்குக் குறடு பதிவேட்டோடு போனாள். கக்கத்தில் ஒரு பெட்டியின் மூடிப்பலகை.

“மேடம், காட்சிச் சாமானை நான் தொடல. சாரோட நகலை மட்டும் ரெண்டு நிமிஷம் குடுங்க.”

சுருதிப்பெட்டி கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார். அவள் பலகையை மேஜைமேல் போட்டு, வில்லின் நாணைத் ‘தாளக்கோல்’ என்ற தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையைப் பலகையில் ஊன்றி, தண்டின் தலையில் இருந்த கட்டையை இடது கையால் அழுத்தி, வில்லை இழுத்தாள். தண்டு துள்ளி எகிறிச் சுருதிப்பெட்டியின் மடியில் விழுந்தது. எட்டு வயதில் இழுத்தது; கை மறந்திருந்தது.

“தாளக்கோல் அதுவாவே எங்கிட்ட வந்துடுச்சு பாருங்க” என்றார் அவர்.

குறடுக்குக் காதுவரை சிவந்தது. நாணை இறுக்கிக் கட்டினாள். இந்தத் தடவை மெதுவாக. முன்னே, பின்னே. முன்னே, பின்னே. தண்டு விர்ரென்று சுழன்றது. முனையைச் சுற்றி மாவு மாதிரி மரத்தூள் குவிந்தது. அவள் நிறுத்தவில்லை, பன்னிரண்டு மாதக் கோபத்தை மொத்தமாக அந்த முனையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

பலகையைத் தூக்கினாள். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அழகான வட்டத் துளை. அதற்கு நேர் கீழே, இயக்குநரின் தேக்கு மேஜையிலும் அதே அழகில் ஒன்று.

“இது அரசாங்க மேஜை” என்றார் இயக்குநர், ரொம்ப நிதானமாக.

“தெரியும் மேடம்.”

“சார், இதுலயும் நாதம் இறங்கியிருக்கா?” என்று இயக்குநர் சுருதிப்பெட்டியிடம் கேட்டார்.

சுருதிப்பெட்டி மேஜைத் துளையில் விரலை விட்டுப் பார்த்தார். முனகலைக் காணோம். பிறகு தன் பேனாவை எடுத்து, பெயர்ச்சீட்டில் ‘வில்யாழ்’ என்பதை அவரே அடித்தார். “நான் ஒரு தடவை இழுத்துப் பாக்கலாமா?” என்று கேட்டார்.

“வேற மேஜையில போய் இழுங்க” என்ற இயக்குநர், குறடு பக்கம் திரும்பினார். “மேஜையைக் கெடுத்ததுக்கு உனக்கு மெமோ குடுக்கணும். தற்காலிக ஆளுக்கு மெமோ குடுக்க இங்க விதி கிடையாது. உன்னை அனுப்பிட்டா ஓட்டைக்கு நான்தான் பதில் எழுதணும். எனக்கென்ன தலையெழுத்தா?”

நிரந்தர உத்தரவில் முதலில் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் மெமோவிலும் போட்டார்.

குறடு இரண்டையும் வாங்கிக்கொண்டு தன் இடத்துக்கு வந்து, விளக்கக் கடிதத்தை அப்போதே எழுதினாள். ‘மேஜையில் துளையிட்டது நான்தான். துளையிட்ட கருவியின் பெயர் துரப்பணம். அது தச்சர்கள் பயன்படுத்துவது.’ மூன்று பிரதி எடுத்து, மூன்றிலும் கையெழுத்துப் போட்டு, ஒன்றைக் கோப்பில் வைத்தாள்.