அண்ணியின் புரோகிராம் அழிந்த ஞாயிற்றுக்கிழமை

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. அண்ணி கேட்டார். சலவைக் கடையில் அழுக்குத் துணி வாங்கிவைக்கும் வேலையில் இருந்த ஒருத்தி, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்ட கதை. அவருடைய சொந்தக் கதை. அவர் பெண்களுக்கு நடத்தும் வகுப்பு ஒரு மலர் போடுகிறது, சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

"குட்டி, வீட்டுல எழுதறவ நீ ஒருத்திதான். நாலு பக்கம் எழுதிக் குடு. என்னைப் பெரிய ஆளா ஆக்கிடாத, அழவும் வெச்சுடாத" என்றார்.

நான் அவருடைய நாத்தனார். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இந்தக் கதைக்குள் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. பதினெட்டு வருடமாக அண்ணிக்கு அது தெரியாது. எழுதினால் அவர் என் முகத்தில் விழிப்பாரா என்று பயமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இது கதையே இல்லை.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்" (மழையே பெய்யவில்லை.)

"வறுமையின் பிடியில் சிக்கித் தவித்த ஒரு பெண்" (அண்ணி படித்தால் என் தோலை உரித்துவிடுவார்.)

"கம்ப்யூட்டரை அண்ணி முதன்முதலில் தொட்டது தூசி துடைப்பதற்காக." இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

அண்ணி கல்யாணமாகி வந்தபோது வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. நான் பொறியியல் சேர்ந்ததற்காக அப்பா வாங்கித் தந்தது. அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார். அண்ணி வரலாறு படித்தவர். சலவைக் கடை வேலை முடிந்து மூன்று மணிக்கு வீடு திரும்புவார். நான் கல்லூரியிலிருந்து வர ஐந்தரை ஆகும். அந்த இரண்டரை மணி நேரம்தான் அவருடைய கல்லூரி.

அந்த மதியங்களை இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, என் பாடப்புத்தகத்தின் மேல் கரண்டியைப் பாரமாக வைத்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவார். மின்விசிறி கடகடக்கும். அப்பா அடுத்த அறையில் குறட்டை விடுவார். நான் சீக்கிரம் வந்துவிட்டால் அண்ணி சட்டென்று எழுந்து நிற்பார். "உக்காருங்க அண்ணி" என்று சொல்லியிருக்கலாம். ஒருநாளும் சொன்னதில்லை.

3

(தெரியாதவர்களுக்கு: புரோகிராம் என்பது கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைகள். ஒரு வரி பிசகினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், எங்கள் பெரியப்பா மாதிரி.)

அண்ணி தன் முதல் புரோகிராமைப் புத்தகத்தைப் பார்த்து எழுத்து விடாமல் அடித்தார். ஓடவில்லை. மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் என்னிடம் கேட்டார். நானும் மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். "அதெல்லாம் போகப் போகத்தான் புரியும் அண்ணி" என்று பெரிய மனுஷி போலச் சொல்லிவிட்டு நழுவினேன். எனக்கும் பிடிபடவில்லை என்பதுதான் விஷயம்.

நான்காம் நாள் அவரே கண்டுபிடித்தார். அந்தப் புரோகிராம் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கத்தில் முடிகிறது. நடுவே, பக்கத்தின் அடியில் இருந்த 112 என்ற பக்க எண்ணையும் சேர்த்து அடித்திருக்கிறார்.

"புத்தகத்துல இருந்துச்சு, அடிச்சேன். பக்கத்தோட நம்பர்னு அதுக்கு எப்படித் தெரியும், பாவம்" என்று கம்ப்யூட்டருக்காகப் பரிந்து பேசினார்.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "காலேஜ் போற உன் கண்ணுல இது படலையா?" என்றான். புரோகிராமிங் தேர்வில் அப்போதுதான் தோற்றிருந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

4

சலவைக் கடையில் ஒவ்வொரு துணிக்கும் எண் போட்ட சீட்டைக் குத்துவார்கள். எந்தத் துணி எந்த அலமாரியில் இருக்கிறது என்பது முதலாளியின் ஞாபகத்தில் மட்டும் இருக்கும். அவர் வராத நாளில் வசவு வாங்குவது அண்ணி. அதனால் சீட்டு எண்ணைத் தட்டினால் அலமாரி எண்ணைக் காட்டும் புரோகிராம் ஒன்றை எழுதத் தொடங்கினார். நான்கு மாத மதியங்கள் அதில் போயின.

"திங்கக்கெழம எடுத்துட்டு வந்து பக்கத்து பிரௌசிங் சென்டர்ல காட்டும்மா. சரியா இருந்தா கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி உன்னையே உக்கார வெக்கறேன்" என்றார் முதலாளி.

சனிக்கிழமை அது அழகாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மாலை அண்ணி உறையை எடுத்துவிட்டுத் தேடினார். புரோகிராம் இல்லை.

(இதற்குப் பிறகு "ஏனென்றால் அன்று காலை" என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். வெட்டிவிட்டேன்.)

6

திங்கட்கிழமை அண்ணி வெறுங்கையோடு கடைக்குப் போனார். "நானே எதையோ அழுத்தி அழிச்சிட்டேன் சார். ரெண்டு வாரம் குடுங்க" என்றார். முதலாளி உச்சுக்கொட்டினார், ஆனாலும் கொடுத்தார். அண்ணி பத்தே நாளில் மறுபடி எழுதினார். பழையதில் பாதி நீளம்தான். பிறகு ஒரு மருந்துக் கிடங்கு, அப்புறம் ஒரு நிறுவனம், இன்றைக்கு அவருக்குக் கீழே பதினோரு பேர். நான் படிப்பை ஒருவழியாக முடித்துவிட்டு, கம்ப்யூட்டரில் கதை மட்டும் அடிக்கிறேன்.

வகுப்பின் முதல் நாள் அண்ணி எப்போதும் இதைத்தான் சொல்வார். ஒருமுறை நானும் கடைசி வரிசையில் இருந்தேன். "நாலு மாச வேலைய என் கையாலயே அழிச்சவ நான். அதவிடப் பெரிய தப்ப நீங்க பண்ணிட முடியாது. தைரியமாத் தட்டுங்க." பயந்து உட்கார்ந்திருந்த முகங்கள் தெளிந்தன. நான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டேன்.

அந்தத் தப்பு அவருடையது இல்லை என்றால் இனி அந்தப் பெண்களிடம் எதைச் சொல்வார்? வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு எவ்வளவு வசதியான காரணம், பாருங்கள்.

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். நாத்தனார் அழுகிறாள், அண்ணி அணைத்துக்கொள்கிறார். (எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் மன்னிப்பு. கிழித்தாயிற்று.) அண்ணிக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். (கதைகளில் நல்லவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். இவருக்குத் தெரியாது.)

கடைசியில், உங்களோடு பேசுகிற இடங்களையும் என் காரியத்தைப் பற்றிய வரிகளையும் நீக்கிவிட்டு, சுத்தமான பிரதி ஒன்றை அனுப்பிவைத்தேன். இன்று மதியம் போன் வந்தது.

"நல்லாருக்கு குட்டி. நாலுக்கு அப்புறம் ஆறு போட்டிருக்க. அஞ்சு எங்க?"

"நம்பர் தப்பாப் போட்டுட்டேன் அண்ணி."

அண்ணி அதோடு விடவில்லை. "நான் அன்னிக்கு எதை அழுத்துனேன்னு இன்னிவரைக்கும் எனக்குப் பிடிபடல. எத்தன தடவ யோசிச்சிருக்கேன் தெரியுமா? நீ வீட்டுலதான இருந்த. ஏதாவது ஞாபகம் வந்தா எழுதேன்."

"யோசிச்சுப் பாக்கறேன்" என்றேன்.

5

அன்று காலை அண்ணனும் அண்ணியும் கடைவீதிக்குப் போயிருந்தார்கள். அப்பா போனில் யாரிடமோ, "எம் மருமக தானாவே கத்துக்கிட்டா" என்று பூரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அண்ணியின் புரோகிராமைத் திறந்து, குறை கண்டுபிடிப்பதற்கென்றே படித்தேன். ஒரு குறைகூட இல்லை. வரிக்கு வரி புரிந்தது. கல்லூரியில் யாராலும் எனக்குப் புரியவைக்க முடியாததை அது புரியவைத்தது.

அதன் பிறகுதான் அழித்தேன். கை தவறி இல்லை. நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

அண்ணி, நீங்கள் எதையும் அழுத்தவில்லை.

இதை எழுதி அரை மணி நேரமாகிறது, இன்னும் அனுப்பவில்லை. போன் மறுபடி அடிக்கிறது. அண்ணிதான். என் கை அதன் பக்கம் போக மறுக்கிறது. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். நீங்கள் எடுங்கள்.