சோக்கை எடுத்தால் நின்றுவிடும்

அத்தான் இலை ஊதும் மெஷினை ஷெட்டு வாசலில் வைக்கவில்லை, போட்டார். அதிலேயே வாத்திக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது.

"சோக் போட்டாத்தான் ஓடுது. எடுத்தா ரெண்டு இருமல் இருமிட்டு நிக்குது. வேலை குடுத்தவங்க அத்தனை பேர் முன்னாடி என் மானத்தை ஊதிட்டுப் போயிடுச்சு" என்றார்.

அத்தானுக்குப் பெரிய பெரிய வளாகங்களைப் பெருக்கிக் கொடுக்கும் காண்டிராக்ட் தொழில். வாத்தி அவருடைய மனைவிக்குத் தம்பி. வேலை போய் அக்கா வீட்டுக்கு வந்தவன், பின்பக்கத்துத் தகர ஷெட்டில் படுத்துக்கொண்டு அவருடைய மெஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். எதைச் சரிசெய்தாலும் அது ஏன் கெட்டது என்று விளக்காமல் விடமாட்டான். வாத்தி என்ற பேர் அத்தான் வைத்ததுதான்.

"சாயங்காலத்துக்குள்ள இது சோக் இல்லாம ஓடணும் மச்சான். ஓடுனா இந்த ஷெட்டு உனக்கு. வெளி வேலையும் எடுத்துச் செஞ்சுக்கோ, நான் வாயைத் தொறக்கல. ஓடலைன்னா பெட்டியைக் கட்டு. தண்டத்துக்குத் தீனி போட நான் என்ன தர்ம சத்திரமா நடத்துறேன்?"

அவர் போன பிறகு வாத்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இந்த ஷெட்டு தன்னுடையதாகிவிட்டால் யார் முகத்தையும் பார்த்துச் சாப்பிட வேண்டியதில்லை. பயம் இருந்தது. ஆனால் மூடியைக் கழற்றியதும் பயம் தானாகப் பின்னால் போய் நின்றுகொண்டது. அவன் சுபாவம் அப்படி.

சோக் என்பது பெரிய சூட்சுமம் இல்லை. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரின் வாயில் உள்ள ஒரு தகட்டுக் கதவு. அதைச் சாத்தினால் காற்று குறையும், எஞ்சின் உறிஞ்சும் வேகத்தில் பெட்ரோல் கூடுதலாக வரும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்கு அது வேண்டும். சூடேறிய பிறகும் கேட்கிறது என்றால், ஒன்று பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை, இல்லையென்றால் கார்பரேட்டருக்கு அப்பால் எங்கேயோ காற்று திருட்டு வழியில் நுழைகிறது.

முதலில் பெட்ரோல். வளைத்த கம்பியை டேங்குக்குள் விட்டு ஃபில்டரைத் தூக்கிப் பார்த்தான். சுத்தம். குழாயை மடக்கி மடக்கிப் பார்த்தான். வெடிப்பில்லை. கார்பரேட்டரைத் திறந்தான். உள்ளே இருக்கும் சவ்வு இமைத்தோல் மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும், விறைத்துப்போனால் பெட்ரோலை அளந்து விடாது. அதுவும் மெத்தென்றுதான் இருந்தது. துளைகளை ஊதி, எல்லாவற்றையும் பூட்டி, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தான். சோக்கோடு ஓடியது. எடுத்தான். இருமியது, நின்றது.

அப்படியென்றால் காற்றுத்தான்.

மறுபடி சோக்கோடு ஓடவிட்டு, கார்பரேட்டர் கழுவும் ஸ்ப்ரேயை இணைப்புகள் மேல் சன்னமாக அடித்துக்கொண்டே வந்தான். ஓட்டை இருக்கும் இடத்தில் எஞ்சின் அதையும் சேர்த்து உறிஞ்சும், சத்தம் மாறிக் காட்டிக் கொடுத்துவிடும். மேலே அடித்தான், மாற்றமில்லை. கீழ்ப்பக்கமாக அடித்ததும் எஞ்சின் குரல் தடுமாறியது. வாத்தி சிரித்துவிட்டான்.

கார்பரேட்டரையும் சிலிண்டரையும் சேர்க்கும் ரப்பர் கழுத்தைக் கழற்றி வளைத்தான். அடியில் ஒரு பிளவு. சும்மா இருக்கும்போது உதடு மாதிரி ஒட்டிக்கொள்ளும், எஞ்சின் அதிரும்போது வாயைத் திறக்கும். சிரிப்பு அப்படியே நின்றது. ரப்பர் முதுமையில் வெடித்தால் காய்ந்த சேறு போலக் கோணல்மாணலாக வெடிக்கும். இது கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. பிளேடால் கீறியது.

தேநீர் டம்ளரோடு அக்கா வாசலில் நின்றாள். அவன் கையில் இருந்ததைப் பார்த்தாள். டம்ளரை மெதுவாகப் பெஞ்சில் வைத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"நீயா?"

"போன வாரம் நீதானே பாடம் எடுத்த. இந்தக் கழுத்துல மயிரிழை ஓட்டை விழுந்தாலும் மெஷின் மூச்சுத் திணறும்னு. நான் கறிகாய் நறுக்கிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"ஏன்க்கா?"

"உன் தட்டுல விழுற ஒவ்வொரு பேச்சும் என் தட்டுலயும் விழுதுடா. மென்னு முழுங்கி முழுங்கி எனக்குத் தொண்டை புண்ணாயிடுச்சு. நீ போனாத்தான் நான் நிம்மதியா ஒரு வாய் சாப்பிடுவேன்." அவள் குரல் உயரவில்லை. "முடியலைன்னு சொல்லிட்டுப் போயிடு."

"எங்க போவேன்?"

"எங்கயோ போ. அதையும் நானா பார்க்கணும்?"

மூலையில் அதே மாடலில் செத்துப்போன மெஷின் ஒன்று கிடந்தது. வாத்தி எழுந்துபோய் அதன் கழுத்தைக் கழற்ற ஆரம்பித்தான்.

அக்கா வாசல் பக்கம் திரும்பினாள். "சரி. ஓட்டு. ஆனா அந்த மனுஷன்கிட்ட வாயை விட்டுடாதே. என்னைத் தோலை உரிச்சிடுவாரு."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

அத்தான் வந்ததும் கயிற்றை இழுத்துக் காட்டினான். சோக்கை எடுத்தான். மெஷின் நிற்கவில்லை. விசையை அழுத்தியதும் தூசி எதிர்ச்சுவர் வரை பறந்தது. அத்தான் அரை நிமிஷம் கேட்டுவிட்டு அணைத்தார்.

"ஏதோ குப்பை அடைச்சிருக்கும். எடுத்து ஊதி விட்டிருக்க. இதுக்கு ஒரு பகல். ரோட்டுல போறவன் செஞ்சிருப்பான்."

அவர் அதோடு விட்டிருக்கலாம். வாத்தியும் விட்டிருக்கலாம். ஷெட்டு கைக்கு வந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஆனால் குப்பை என்ற சொல் அவனுக்குள் முள்ளாகத் தைத்தது.

"குப்பை இல்ல அத்தான். குப்பைன்னா ஃபில்டர்ல தெரிஞ்சிருக்கும். இது காத்து. இதோ பாருங்க, வளைச்சாத்தான் தெரியும். எந்த மெக்கானிக்கும் வெடிப்புன்னு சொல்லிடுவான். வெடிப்பு இப்படி நேரா இருக்காது. இது..."

அங்கேதான் நிறுத்தினான். அத்தான் அந்த ரப்பர் கழுத்தை வாங்கி, வளைத்து, விரல்நகத்தால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"இப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது. ஆளுங்களுக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். அப்புறம் நீ யாருக்குப் பாடம் எடுத்தியோ அவங்களுக்குத் தெரியும்." நிதானமாகத் திரும்பி, வாசலில் வந்து நின்றிருந்த மனைவியைப் பார்த்தார்.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவளுக்கு அடி விழும் என்று வாத்தி பயந்தான். அத்தான் அடிக்கவில்லை. ரசித்துச் சிரித்தார்.

"ஒரு கீறல். இவன் ஒரு நாள் பூராத் தேடியிருக்கான். இந்தக் கையையா நான் இத்தனை வருஷம் அடுப்படியில விட்டு வச்சேன்? நாளையிலேர்ந்து ஷெட்டு உன் பொறுப்பு. சமையலை முடிச்சிட்டு வந்து உக்காரு. எத்தனை மெஷினைக் கெடுக்கத் தெரியுமோ அத்தனையும் சரி பண்ணு."

"ஓடுனா ஷெட்டு எனக்குன்னு சொன்னீங்களே" என்றான் வாத்தி.

"ஓடுச்சு மச்சான், இல்லைங்கல. ஓடவிடாமப் பண்ணது உன் கூடப்பொறந்தவ. உங்க வீட்டு ஆளு ஒருத்தர் கெடுத்தாங்க, ஒருத்தர் சரி பண்ணீங்க. நடுவுல எனக்கு என்ன லாபம்? சொல்லிக் கொடுக்க வேண்டியதையும் கொடுத்து முடிச்சிட்ட. கெளம்பு."

பெட்டி கட்ட அதிக நேரம் ஆகவில்லை. அவன் வெளியே வந்தபோது அக்கா மெஷின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கே ஆரம்பித்துத் தினம் ஒரு தடவை ஓடவிட்டுக் காட்ட வேண்டும் என்று அத்தான் உத்தரவு போட்டுவிட்டுப் போயிருந்தார். அவள் கயிற்றை இழுத்தாள். எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தாள்.

பெட்டியைக் கீழே வைக்காமலே வாத்தி சொன்னான், "இன்னும் சூடாத்தான்க்கா இருக்கு. சோக்கு வேண்டாம், கதவைத் திறந்து..."

"தெரியும்" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "போ."