பருப்பில் கசப்பு

தில்லியில் வண்டி புறப்பட்டதிலிருந்தே அந்த அம்மாள், சாப்பாடு பரிமாறும் பைகுண்ட பெஹராவைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தாள். முதல் வகுப்புப் பெட்டியில், இரண்டு பேர் மட்டும் படுக்கும் சின்ன அறை. மொஹாந்தி பாபுவும் அவர் மனைவி கேதகியும் புவனேஸ்வரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பைகுண்டன் சூப் கொண்டுபோய் வைத்ததும் அவள் கேட்டாள்.

"இதை நீயேதான் எடுத்துட்டு வந்தியா? வழியில யார் கையிலயும் குடுக்கலையே?"

"நான்தாம்மா எடுத்துட்டு வந்தேன். யார் கையும் படல."

"அப்படின்னா நீ போ. ஆறட்டும்."

ஆறிய சூப் அப்படியே திரும்பி வந்தது. இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளை வைத்தபோது, கணவர் முன்னால் இருந்ததைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தன்னுடையதை அவர் பக்கம் தள்ளினாள். மொஹாந்தி பாபு சிரித்தார். பைகுண்டனைப் பார்த்து, 'கண்டுக்காதே' என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஆனாலும் அவள் சாப்பிட்டது மூடி பிரிக்காமல் வந்த தயிரை மட்டும்தான்.

சமையல் பெட்டியில் கூட்டாளி பிரபுல்லா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "உன் மூஞ்சியப் பார்த்தா எனக்கே சாப்பிடப் பயமா இருக்கு. அந்த அம்மாவைச் சொல்லி என்ன பண்றது?"

பைகுண்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் வேறொரு வண்டியில் எவனோ ஒருவன் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மயக்க மருந்து கலந்த டீயைக் கொடுத்துவிட்டு, பையோடு இறங்கிப் போய்விட்டான். மயங்கிக் கிடந்தவருக்கு டீ கொடுத்தது யார் என்று விசாரித்த போலீஸ், முதலில் பிடித்தது டீ விற்ற பைகுண்டனைத்தான். அசன்சோல் காவல் நிலையத்தில் வாங்கிய அடி இன்னும் அவன் இடது தோளில் வலியாக இருந்தது. சாப்பாட்டில் எது நடந்தாலும் தட்டு சுமந்தவன் தலைதான் முதலில் உருளும் என்று அவன் அன்றைக்கே தெரிந்துகொண்டான்.

காலையில் ஆம்லெட்டும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனபோது மொஹாந்தி பாபு நடைபாதையிலேயே நின்றிருந்தார்.

"குடுப்பா, நானே எடுத்துட்டுப் போறேன். அவ தூங்குறா."

"கை சுடும் பாபு, நான் வைக்கிறேன்."

"சொன்னா கேளு."

குரலில் அவசரம் இருந்தது. தட்டுகளைக் கொடுத்துவிட்டு வந்தவனுக்குச் சமையல் பெட்டியில் இருப்புக் கொள்ளவில்லை. முதல் வகுப்பில் போகிறவர், மணியடித்தால் ஆள் வருகிற இடத்தில், எதற்குத் தட்டைத் தானே சுமக்க வேண்டும்?

கொஞ்ச நேரத்தில் அந்த அறையிலிருந்து மணி அடித்தது. போய்ப் பார்த்தால் அம்மாள் தனியாக இருந்தாள். தூங்கி எழுந்த முகமே இல்லை.

"அவர் பாத்ரூம் போயிருக்கார். சீக்கிரம் சொல்லிடறேன். ஓடு உரிக்காத அவிச்ச முட்டை கிடைக்குமா? இல்லன்னா வாழைப்பழமாவது?"

"இந்தச் சாப்பாட்டுல என்னம்மா குறை?"

"கசக்குது. வீட்டுலயும் கசக்குது, இங்கயும் கசக்குது. என் நாக்குலதான் கோளாறுன்னு அவர் சொல்றார். இருக்கலாம்." அவள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "முட்டைல கசப்பு இருக்காது இல்ல?"

முட்டையும் பழமும் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு சாப்பிட்ட வேகத்தை அவன் பார்த்தான். அதுவரை அவள்மேல் இருந்த எரிச்சல் அடங்கி, கணவர்மேல் சந்தேகம் எழுந்தது.

வண்டி பாலேஸ்வரை நெருங்கும்போது மதியச் சாப்பாடு. இந்த முறையும் மொஹாந்தி பாபு வழியிலேயே தட்டுகளை வாங்கிக்கொண்டார். பைகுண்டன் போவதுபோலப் போய், பெட்டியின் திருப்பத்தில் நின்று எட்டிப் பார்த்தான். அவர் தட்டுகளைக் கை கழுவும் தொட்டியின் ஓரத்தில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார். அதிலிருந்த வெள்ளைப் பொடியை இரண்டு பருப்புக் கிண்ணங்களிலும் தட்டிவிட்டு விரலாலேயே கலக்கினார். தட்டை மாற்றினாலும் தப்பாமலிருக்க இரண்டிலும்!

பைகுண்டன் பாய்ந்தான். எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

"விஷம்! பாபு விஷம் வைக்கிறார்! சாஹு பாபு, ஓடி வாங்க!"

டிக்கெட் பரிசோதகர் சாஹு ஓடிவந்தார். அறைக்கு அறை கதவுகள் திறந்து தலைகள் நீண்டன. பைகுண்டன் அதற்குள் தட்டுகளைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் பருப்பு.

"பைத்தியமா உனக்கு?" என்று மொஹாந்தி பாபு சீறினார். "உன் வேலை சோறு போடறது. அதோட நில்லு."

"நான் கொண்டு வர்ற சோத்துல நீங்க எதையோ கொட்டுறீங்க. நாளைக்கு அடி வாங்கப் போறது நானா, நீங்களா?"

சாஹு நிதானமான மனிதர். ஒரு கிண்ணத்தை எடுத்து மொஹாந்தி பாபுவிடம் நீட்டினார். "பெரியவரே, ஒண்ணுமில்லன்னா இதை ஒரு வாய் குடிச்சிடுங்க. பிரச்சினை முடிஞ்சுது."

அவர் குடிக்கவில்லை. முகம் சுருங்கிப் போயிற்று. "மருந்துங்க," என்றார் மெதுவாக. "மனநோய்க்கு டாக்டர் கொடுத்த மாத்திரை. கையில கொடுத்தா வீசி எறியறா. அதான் பொடிச்சு... தட்டை மாத்துவான்னு ரெண்டுலயும் போட்டேன், பாதி எனக்குப் போனாலும் ஒண்ணும் ஆகாது. ரெண்டு வருஷமா இப்படித்தான். கல்யாண வீட்டுல நாலு பேர் முன்னால எதுவும் நடந்துடக் கூடாதேன்னு பயம்."

அறைக் கதவில் கேதகி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

"அப்போ கசந்தது நிஜம்தானா?" என்றாள்.

"கேதகி, உள்ள போ. எல்லாரும் பார்க்கிறாங்க."

"எனக்கு வியாதி இருக்குன்னு எனக்கே தெரியும். நாக்கும் கெட்டுப்போச்சுன்னு நம்ப வச்சீங்களே. ஒரு பருப்புல என்ன ருசின்னு கூட எனக்கே தெரியாம ரெண்டு வருஷம்."

"மழையில ரோட்டுல நடந்து போனியே, அன்னைக்கு உன்னைத் தேடினவன் நான்." மொஹாந்தி பாபுவின் குரல் உடைந்தது. "வேற என்னதான் செய்ய?"

"மாத்திரை சாப்பிட்டா கை நடுங்குது, எழுத முடியலன்னு சொன்னேன். டாக்டர்கிட்ட சொல்லுங்கன்னேன். சொன்னீங்களா?"

மொஹாந்தி பாபு காலிப் பொட்டலத்தைக் கசக்கிச் சட்டைப் பையில் திணித்தார்.

சாஹு கூட்டத்தை விரட்டினார். பைகுண்டன் சமையல் பெட்டிக்குப் போய்ச் சட்டையைக் கழுவிக்கொண்டு, புதிதாக ஒரு தட்டு வாங்கி வந்தான். மூடிய கிண்ணங்களை அவள் கண் முன்னால் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தான். மொஹாந்தி பாபு வெளியே நடைபாதை ஜன்னலோரம் நின்றிருந்தார். அவள் பருப்பை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். பிறகு கிண்ணத்தையே சோற்றில் கவிழ்த்துப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் கணவரைக் கூப்பிட்டுக் கையை நீட்டினாள். "முழு மாத்திரையாக் குடுங்க. அது எப்படி இருக்குன்னு நான் பார்க்கணும்."

அவர் கொடுத்தார். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினாளா இல்லையா என்று பைகுண்டனுக்குத் தெரியாது. தட்டை எடுத்துக்கொண்டு அவன் வெளியே வந்துவிட்டான்.

அன்று மாலையே சமையல் பெட்டி மேலாளர் அவனைக் கூப்பிட்டு வசைபாடினார். முதல் வகுப்பில் விஷம் என்று கத்தியவனை இனி அந்தப் பக்கம் விடமாட்டேன் என்றார். பைகுண்டன் அதற்கு வருந்தவில்லை. அவனை அரித்தது வேறு. ஒரு பெண்ணின் வியாதியை அவன் போட்ட கூச்சல்தான் பெட்டி முழுக்கப் பரப்பியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் இன்னும் கசந்த பருப்பையே தின்றுகொண்டிருப்பாள். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்துப் பார்த்தான். எதுவும் சரியாக வரவில்லை.

புவனேஸ்வரில் கேதகி தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மொஹாந்தி பாபு நாலடி பின்னால் போனார். பிரபுல்லா முழங்கையால் இடித்து, "அந்த அம்மா உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல பார்த்தியா?" என்றான்.

"பார்க்க வேண்டாம்," என்றான் பைகுண்டன். "நல்லபடியாப் போகட்டும்."