சோன் உள்ள நாள்

சியோலிலும் சரி, இன்ச்சோனிலும் சரி, சந்திர மாதத்தில் ஒன்பதிலோ பூஜ்யத்திலோ முடிகிற தேதியில்தான் ஜனங்கள் வீடு மாற்றுவார்கள். மற்ற நாட்களில் சோன் என்கிற துஷ்ட ஆவி திசைக்கு இரண்டு நாளாகத் திரிந்துகொண்டிருக்கும். அது உலவும்போது சட்டி பானையைத் தூக்கினால் போகிற வீட்டில் நிம்மதி இருக்காது. படித்தவனும் இதை நம்புவான். கேட்டால், "நான் நம்பலைங்க, மாமியார்தான் பாப்பாங்க" என்பான். அதனால் சோன் இல்லாத நாளில் சாமான் வண்டிக்காரனைக் கையில் பிடிக்க முடியாது. சோன் உள்ள நாளில் அவன் ஈ ஓட்டிக்கொண்டிருப்பான்.

தெஹீ என்பவள் இந்தத் தொழிலில் பதினோரு வருஷம் போன் எடுத்தவள். வீடு மாற்றிக் கொடுக்கும் ஒரு பெரிய நிறுவனத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எத்தனை மாடி, லிஃப்ட் இருக்கிறதா, குளிர்பெட்டி எத்தனை கதவு என்று கேட்டுக் கேட்டு அவள் குரலே தேய்ந்துபோயிற்று. தனியாக இருக்கும் பெண்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள். "வர்ற ஆளுங்கள்ல பொம்பளைங்க யாராச்சும் இருப்பாங்களா?" இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஒரு நாளில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பெண்களே வந்து மூட்டை கட்டி, பெண்களே வண்டி ஓட்டுகிற நிறுவனங்களை மட்டும் தேடிப் பிடித்து, இணையத்தில் ஒரு பட்டியலாகப் போட்டால் என்ன?

வேலையை விட்டாள். புப்யோங்கில் ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை பிடித்தாள். பட்டியலுக்குச் 'சல்ச்சாக்' என்று பெயர் வைத்தாள். ஓசைப்படாமல் என்று அர்த்தம். முதல் ஆறு மாதம் அதில் இருந்தது ஒரே ஒரு நிறுவனம்தான். அது குக் மால்சூன் என்கிற ஐம்பத்தைந்து வயது அம்மாளுடையது. ஒரு லாரியும் நாலு பெண்களும் லாரியைவிடப் பெரிய வாயும் அவள் சொத்து. மற்ற இணையதளங்களில் பத்தாயிரம் பெயர்கள் சந்தைக்கடை மாதிரிக் கிடக்கும். தெஹீ தன் பட்டியலில் சேர்த்த ஒவ்வொரு நிறுவனத்தின் வண்டியிலும் ஒரு நாள் ஏறிப் போய், கூடவே மூட்டை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெயரைப் போட்டாள். மூன்று வருஷத்தில் நாற்பத்து மூன்று ஆனது. மாதச் சந்தா கட்டாமல் விலகியது ஒன்றுகூட இல்லை.

பட்டியலைத் தூக்கி நிறுத்தியது விமர்சனங்கள்தான். இந்தத் தொழிலில் பாதி விமர்சனத்தை முதலாளியின் மச்சான் எழுதுவான், மீதியை எதிரியின் மச்சான் எழுதுவான். தெஹீ ஒரு சட்டம் போட்டாள். விமர்சனம் எழுதுகிறவள் ஒப்பந்தச் சீட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மாறிய தேதி, எந்தப் பேட்டையிலிருந்து எந்தப் பேட்டைக்கு, எத்தனையாவது மாடி என்று எல்லாமே விமர்சனத்தின் தலைப்பில் வரும். குறைந்தது ஐந்து வரி எழுத வேண்டும், அப்போதுதான் காபி கூப்பன். முகப்பில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகமும் போட்டாள்: 'இங்கே பொய் விமர்சனம் ஒன்றும் இல்லை, நீக்கப்பட்ட விமர்சனமும் ஒன்றும் இல்லை.'

மால்சூன் அப்போதே முகத்தைச் சுளித்தாள். "ஏண்டி தெஹீ, ஓசைப்படாமப் போறவளுக்குன்னு கடை வெச்சுட்டு, அவ எங்க போனான்னு தண்டோரா போடறியே?"

"பேட்டை பேரு மட்டுந்தானே அக்கா போடறேன். ஒரே நாள்ல எத்தனை பேர் மாறுறாங்க. அந்தக் கூட்டத்துல எவளை எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

"உன் வாய்க்கு நான் பதில் சொல்ல முடியுமா" என்று மால்சூன் விட்டுவிட்டாள். தெஹீ சொன்னது நியாயமாகத்தான் பட்டது. சோன் இல்லாத நாளை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அது நியாயம்தான்.

இந்த வசந்தத்தில் சியோலிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் சல்ச்சாக்கை விலைக்குக் கேட்டது. தெஹீ வாழ்நாளில் பார்க்காத தொகை. அவர்களுடைய ஆட்கள் தளத்தின் கணக்கு வழக்கையெல்லாம் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து ஒரு வியாழக்கிழமை என்று முடிவாயிற்று.

அதற்கு மூன்று வாரம் முன்பு தெஹீ ஒன்றைக் கவனித்தாள். பிப்ரவரி மாதத்து விமர்சனம் ஒன்றை யாரோ திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திங்கள்கிழமை நாற்பது தடவை, செவ்வாய் அறுபது தடவை. ஒரே ஆள். விற்கிற நேரத்தில் வருகைக் கணக்கு ஏறினால் கசக்குமா? அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். "முதலாளி அவர்களுக்கு. உங்கள் தளத்தை மெச்சுகிறேன். பிப்ரவரியில் அன்யாங்கிலிருந்து இன்ச்சோன் சுங்வீ பேட்டைக்கு மாறியதாக ஒரு விமர்சனம் இருக்கிறதே, அது உண்மைதானா? இந்தக் காலத்தில் எதையும் நம்ப முடியவில்லை, அதனால் கேட்கிறேன்."

பொய் என்று யாராவது சொன்னால் தெஹீக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உடனே பதில் எழுதினாள். ஒப்பந்தச் சீட்டைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகவும், தேதி, பேட்டை, மாடி எல்லாம் நூற்றுக்கு நூறு சரி என்றும் எழுதினாள். ஒரு வரியில் மறுபதில் வந்தது. "மிக்க நன்றி. இப்போது நிம்மதி."

அவ்வளவு கெட்டிக்காரிக்கு அந்த 'நிம்மதி' உறைக்கவில்லை. பெருமை கண்ணை மறைத்தால் பக்கத்தில் நிற்கிற யானைகூடத் தெரியாது.

கையெழுத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், சனிக்கிழமை மத்தியானம் மால்சூன் நூடுல்ஸ் சாப்பிட வந்தவள் மாடி ஏறி வந்தாள். பல்லிடுக்கில் குச்சியை வைத்துக்கொண்டே சொன்னாள். "நேத்து ஒருத்தன் போன் பண்ணான்டி. சாமான் ஏத்தணுமாம். நாங்க பொம்பளைங்களுக்கு மட்டுந்தான் பண்றோம்னேன். சரிங்க சரிங்கன்னு தேன் ஒழுகப் பேசறான். வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டான் பாரு, சுங்வீல சலவைக்கடைக்கு எதிர்ச் சந்துக்குள்ள லாரி போகுமான்னு."

"அதுக்கென்ன?"

"அந்தச் சந்துக்குள்ள லாரி போகாதுன்னு எனக்குத் தெரியும். பிப்ரவரில அங்க ஒரு பொண்ணை இறக்கிவிட்டேனே. புருஷன் வேலைக்குப் போன நாலு மணி நேரத்துல மூட்டை கட்டி எடுத்தோம். கை முழுக்கக் காயம் அவளுக்கு. சோன் உள்ள நாள்லதான் போவேன்னு அடம். அன்னிக்கு எவளும் மாற மாட்டா, அவருக்குச் சந்தேகமே வராதுன்னு சொல்லிச்சு. அது இருக்கட்டும், அந்தச் சந்து இருக்கறது இவனுக்கு எப்படித் தெரியும்?"

தெஹீ திரையைத் திருப்பினாள். அந்த விமர்சனத்தை எழுதியவள் தாக் சுல்பி. தளத்தில் பெயர் கிடையாது, 'நன்றியுள்ளவள்' என்றுதான் இருக்கும். ஐந்து வரி வேண்டுமே என்பதற்காகப் பாவம் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். சலவைக்கடைக்கு எதிர்ச் சந்து குறுகலானதால் அக்காமார்கள் மின் பியானோவைத் தோளில் சுமந்தே மூன்றாவது மாடிக்கு ஏற்றினார்கள், அழுகையே வந்துவிட்டது என்று எழுதியிருந்தாள்.

தெஹீ அந்தத் தேதியைத் தட்டித் தேடினாள். சோன் இல்லாத நாளாக இருந்தால் பக்கம் பக்கமாக வந்திருக்கும். இந்தத் தேதிக்கு வந்தது ஒன்றே ஒன்று. பெண்டாட்டி காணாமல் போன தேதி புருஷனுக்குத் தெரியாதா? அவனுக்கு அது ஒன்று போதும். கூட்டத்தில் ஒளித்துவைத்ததாக நினைத்தவளை, ஆளில்லாத மைதானத்தில் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று தெஹீக்கு அப்போதுதான் புரிந்தது.

"அதைத் தூக்குடி முதல்ல" என்றாள் மால்சூன். "அந்தப் பொண்ணுக்கும் ஒரு போன் போடு."

"தூக்கறேன் அக்கா."

ஆனால் தூக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒரு விமர்சனத்தை நீக்கினாலும் வாங்குகிறவர்களின் பார்வையில் படும். ஏன் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால், சோன் உள்ள நாட்களில் மாறியவர்களின் விமர்சனம் அத்தனையையும் நீக்க வேண்டிவரும். தேதியும் பேட்டையும் போனால் சல்ச்சாக்கும் மற்ற சந்தைக்கடைகளில் ஒன்று. அவன் சும்மா விசாரித்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விமர்சனத்தைப் படித்துவிட்டு வேறு யாரோ வீடு தேடியிருக்கலாம். இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே, ஐந்து நாளில் என்ன ஆகிவிடும்? சுல்பிக்குப் போன் செய்தாலாவது தேவலை. ஆனால் செய்தால் அவள் முதல் வார்த்தையாக அதை நீக்கச் சொல்வாளே என்று அதையும் செய்யவில்லை. ஞாயிறன்று அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. திங்களும் பார்க்கவில்லை. தெஹீ மூச்சு விட்டாள். தேடுகிறவன் தேடுவதை ஏன் நிறுத்துவான் என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் கையெழுத்தானது. சியோல்காரர்கள் எழுந்து நின்று குனிந்து வணங்கினார்கள், அவளும் குனிந்தாள். ரயிலில் திரும்பி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், மத்தியானம் இரண்டரைக்கு அந்த விமர்சனத்தை நீக்கினாள். பிறகு ஒப்பந்தச் சீட்டிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

மூன்றாவது மணியில் எடுத்தாள் சுல்பி. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள். யாரென்று தெரிந்ததும் குரல் மலர்ந்தது.

"முதலாளியக்கா, நீங்களா. ஒரு நிமிஷம், வாய்ல பலகாரம். சிவப்புப் பயறு போட்ட அரிசி கேக். இன்னும் சூடாவே இருக்கு."

"நீங்க செஞ்சதா?"

"ஐயோ, எனக்கு எங்க அதெல்லாம் வரும். நேத்து கீழ் வீட்டுக்குப் புதுசா ஆள் வந்திருக்காங்க. இந்தக் காலத்துல குடிவந்தா பலகாரம் குடுக்கிற பழக்கமே போயிடுச்சு, இவரு பாருங்க, இன்னிக்கு வீடு வீடாக் குடுத்திருக்காரு. எனக்கு வீட்டுக்கார அம்மா வாங்கிட்டு வந்து குடுத்தாங்க."

தெஹீ குறுக்கிட்டாள். "நீங்க அவரைப் பாத்தீங்களா?"

"இல்லக்கா. ரொம்ப அமைதியான மனுஷனாம். சாமானே இல்லையாம், ஒரு பை மட்டுந்தானாம். எல்லா வீட்லயும் யார் யார் இருக்காங்கன்னு அக்கறையா விசாரிச்சாராம். மேல பியானோ வாசிக்கிற பொண்ணு நான்தான்னு அம்மா சொன்னாங்களாம். அது யாருக்குமே தொந்தரவு இல்லீங்க, வாசிக்கச் சொல்லுங்கன்னாராம்."

"சுல்பி, நான் சொல்றதைக் கேளுங்க." என்றாள் தெஹீ. "உங்க விமர்சனத்தை வெச்சு ஒருத்தன் உங்களைத் தேடியிருக்கான். உங்க வீட்டுக்காரராத்தான் இருக்கணும். எனக்குச் சனிக்கிழமையே தெரியும். நான் சொல்லலை. தப்பு என் பேர்ல. இப்ப அதைப் பேச நேரமில்லை. எதையும் எடுக்காதீங்க, செருப்பை மாட்டிட்டு உடனே வெளிய போயிடுங்க. நான் போலீசுக்குப் போன் பண்றேன்."

அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் நின்றது. ஏதோ ஒரு தட்டை மெதுவாக, மிக மெதுவாகக் கீழே வைக்கிற ஓசை கேட்டது. மறுபடி பேசியபோது சுல்பியின் குரல் காதுக்கு எட்டுகிற அளவுக்குத்தான் இருந்தது.

"எங்க கட்டடத்துல ஒரே படிக்கட்டுதான் அக்கா. அவர் கதவு முன்னாடிதான் இறங்கணும்."