கனைக்காமல் நுழைந்த வீடு

கரண்டைக் கண்டால் எனக்குப் பயம். வீடு வீடாகப் போய் லைட் போட்டுக் கொடுக்கிறவன் இதை வெளியே சொல்லக்கூடாதுதான். இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

பேகம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் பதினோரு வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டியவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் அதை இழுத்து மூடிவிட்டார்கள். இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒழுகுகிற ஓடுகளை மாற்றினேன், அடுத்த வீட்டு ஸ்டவ்வைப் பிரித்து மாட்டினேன், எதிர்வீட்டுக் குழாய்க்கு வாஷர் போட்டேன். சும்மா இருக்கத் தெரியாத கை. என் மனைவி சைனம்பு இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள்.

"ஓட்டுக்கு ஒருத்தன், பூட்டுக்கு ஒருத்தன், ஸ்டவ்வுக்கு ஒருத்தன்னு சனங்க தேடி அலையுறாங்க. எல்லாத்துக்கும் ஒரே ஆளு வந்தா வேண்டாம்னா சொல்லப்போறாங்க? நீங்க பாட்டுக்குத் தொடங்குங்க. ஆளுகளை நான் புடிச்சுத் தாரேன்."

பிடித்துத் தந்தாள். ஆண்கள் பகலெல்லாம் கடையிலும் மண்டியிலும் இருப்பார்கள். கதவு கீல் கழன்றது, தொட்டி கசிகிறது என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சைனம்புவிடம் சொல்வார்கள், அவள் என்னிடம் சொல்வாள். ஆனால் ஆம்பிளை இல்லாத வீட்டுக்குள் ஓர் அந்நிய ஆம்பிளையை எப்படி விடுவது? அதற்கு அவள் தெருவெல்லாம் ஒரு வாக்குக் கொடுத்து வைத்திருந்தாள்.

"எங்க வீட்டு ஆளு வாசல்ல நின்னு மூணு தடவ கனைப்பாரு. நீங்க உள்ளறைக்குப் போய்ட்டீங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் காலை எடுத்து வைப்பாரு. சுவத்தைத் தவிர வேற எதையும் பாக்க மாட்டாரு."

என் தொழிலுக்கு போர்டு கிடையாது. அந்த மூன்று கனைப்புத்தான் போர்டு.

கரண்ட் வேலையில் நானாகப் போய் விழவில்லை. சனங்கள் கேட்டார்கள், தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு வயர்மேன் வேலை செய்ததை இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதுதான் என் படிப்பு. மூன்றாம் நாள் ஷாக் அடித்துச் சுவரோரம் போய் விழுந்தேன். அதிலிருந்து போகிற வீட்டிலெல்லாம் ஒரே உபதேசம்தான்: "பகல்ல மெயினை இறக்கி வச்சிருங்க. பொழுது சாஞ்சு மக்ரிபு தொழுகைக்கு ஏத்துனா போதும்." எவ்வளவு பொறுப்பான ஆள் என்று எல்லோரும் மெச்சினார்கள். அது பொறுப்பில்லை, பயம்.

அறுபத்திரண்டு ஐப்பசியில் ஒரு காலை. தோல் வியாபாரி அப்துல் லத்தீப் வீட்டுக்குக் கொடிக்கம்பி கட்டப் போனேன். அவர் மகள் குர்ஷித் பேகம் தலைப்பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நாற்பது நாள் முடியும்வரை அந்த அறைக்குள் ஆண்கள் போகக்கூடாது. மழைக்காலம் வேறு, பிள்ளைத் துணி காய இடமில்லை, பழைய கயிறும் இற்றுவிட்டது. நல்ல இரும்புக் கம்பியாகக் கட்டிவிடு என்று லத்தீபின் மனைவி ஜெய்தூன் பீவி சொல்லி அனுப்பியிருந்தார்.

வாசலில் நின்று மூன்று முறை கனைத்தேன். ஜெய்தூன் மாமி எப்போதும் செய்வதைச் செய்தார்: கயிற்றில் கிடந்த வெள்ளைத் துப்பட்டியை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டு அறைக்குள் போனார். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"வா ஜெகபரு. பிரசவ ரூம் சுவத்துலயே அடி. அங்கதான் வெயில் விழும்."

முற்றத்தைப் பார்த்த மண்சுவர். சின்ன ஆணி எதுவும் நிற்கவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. பையில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஓர் இரும்பு முளை இருந்தது. அதை வைத்து அடித்தேன். முக்கால்வாசி இறங்கியும் ஆடியது. கடைசி நாலு அடியில் சிக்கென்று பிடித்துக்கொண்டது. உள்ளே பிள்ளை வீறிட்டது.

"போதும்ப்பா, புள்ள முழிச்சிருச்சு" என்றார் மாமி.

கம்பியை இழுத்துக் கட்டி, கையால் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. என் வேலையில் எனக்கே ஒரு பெருமை. நான் தெருமுனை திரும்புவதற்குள் கொடி முழுக்க ஈரத்துணி ஏறியிருக்கும்.

அங்கிருந்து சைக்கிளில் சாணார்பட்டிக்குப் போனேன். எட்டு மைல். சோலைமுத்து என்ற சம்சாரி மாட்டுக்கொட்டகைச் சுவரில் கலப்பை, மண்வெட்டி மாட்ட ஆணிகள் கேட்டிருந்தார். மத்தியானம் அங்கேயே கம்பங்கூழ் குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். நாலு மணி இருக்கும். மண்சுவரில் ஓர் ஆணி தொப்புத் தொப்பென்று இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று சத்தம் மாறியது. டக், டக். ஆணி சிக்கென்று பிடித்தது.

"அங்ஙன உள்ளுக்குள்ள ஒரு மரத்தூண் இருக்கு பாய்" என்றார் சோலைமுத்து. "அதுல பாஞ்சிருச்சு. இனி ஆனை கட்டுனாலும் அசையாது."

சுத்தியல் என் கையிலேயே நின்றது. காலையில் அந்த முளை பிடித்தபோதும் இதே சத்தம்தான். ஆனால் லத்தீப் வீட்டுச் சுவருக்குள் மரத்தூண் கிடையாது. சுவருக்கு அந்தப்புறம், அறையில், கட்டிலுக்கு மேலே மரம் இருந்தது. கரண்ட் வயரை மூடுகிற மரக் கேசிங். பிள்ளை பிறக்குமுன் அந்த அறைக்கு பல்பு போடுவதற்காக நானே என் கையால் அடித்த கேசிங்.

என் முளை அதற்குள் இருந்தது. முளையில் இரும்புக் கம்பி, கம்பியில் ஈரத்துணி. நான் தொங்கிப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றால், எப்படி ஆகும்? பகலில் மெயினை இறக்கி வைக்கச் சொன்னதே நான்தானே. விளக்கு நேரத்துக்கு மெயின் ஏறும். அதற்குப் பிறகு அந்தக் கொடியில் கை வைக்கிறவர் உயிரோடு இருக்கமாட்டார். பன்னிரண்டு நாள் பிள்ளை இருக்கிற வீட்டில் கொடியில் கை வைக்காத நேரமென்று ஒன்று உண்டா?

"என்னா பாய், வேலைய விட்டுப்புட்டு எங்க ஓடுறீக? பைய வச்சுட்டுப் போறீகளே!"

சைக்கிளில் ஏறி மிதித்தேன். மக்ரிபுக்கு ஆறு மணி ஆகும், ஐந்தரைக்குள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். சிறுமலைப் பக்கமிருந்து மேகம் கரும்பாறையாகத் திரண்டு வந்துகொண்டிருந்தது. ரோட்டோரக் கடையில் அதற்குள் அரிக்கேன் ஏற்றிவிட்டார்கள். இந்த இருட்டில் மக்ரிபுவரை யார் காத்திருப்பார்கள்? அந்த அறைக்கு ஜன்னல்கூட கிடையாது. பிள்ளை அழுதால் மெயினை ஏற்றிவிடுவார்கள்.

பாதி வழியில் பின் சக்கரம் பஞ்சராயிற்று. ஊர் சைக்கிளுக்கெல்லாம் பஞ்சர் ஒட்டுகிறவன் நான். வெறும் ரிம்மிலேயே கடகடவென்று ஓட்டினேன். தூறல் விழுந்தது. தூறல் விழுந்தால் துணி எடுக்க ஓடுவார்களே என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தமாக அழுதுகொண்டே மிதித்தேன், வெட்கம் என்ன கிடக்கிறது. ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டுக் குனிந்து கடந்து ஓடினேன். எதிரே வந்தவர்களின் முகத்தையெல்லாம் பார்த்தேன். யாராவது நின்று, பேகம்பூரில் ஒரு மவுத்தாம், கரண்ட் அடிச்சு செத்துட்டாங்களாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பயந்தேன். யாரும் சொல்லவில்லை.

லத்தீப் வீட்டுத் தெருவில் நுழைந்ததும், மாமி, கம்பியைத் தொடாதீங்க என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

என் குரல் கேட்டால் ஜெய்தூன் மாமி என்ன செய்வார்? வாசலில் ஆம்பிளைச் சத்தம் கேட்டதும் அவர் கை போகிற இடம் ஒன்றுதான். கொடியில் கிடக்கும் துப்பட்டி. நான் சொல்வது காதில் விழுவதற்குள் கை அங்கே போய்விடும். இந்த மூன்று வருஷமாக அந்தக் கையை அப்படிப் பழக்கியதே என் கனைப்புத்தான்.

கதவு ஒருக்களித்துக் கிடந்தது. நடையில் பல்பு எரிந்தது. மெயின் ஏறியாயிற்று.

நடையின் மறுகோடியில் முற்றம் தெரிந்தது. மாமி தலையில் முக்காடில்லாமல், இடுப்பில் கூடையோடு கொடியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். என் தொண்டையில் கனைப்பு தானாக ஏறியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மெயின் சுவிட்ச் ஆறடி தள்ளி, இடப்பக்கச் சுவரில் இருந்தது. செருப்பைக் கழற்றினேன். கனைக்காமல், பிரசவித்தவள் இருக்கிற வீட்டுக்குள், திருடனைப்போல் காலை வைத்தேன்.

மூன்றாவது அடியில் மாமி திரும்பிப் பார்த்துவிட்டார். "யா அல்லாஹ்!" என்றார். கூடை கீழே விழுந்தது, கை துப்பட்டியை நோக்கிப் போனது. நான் பாய்ந்து மெயின் பிடியை இழுத்தேன். விளக்கு அணைந்தபோது துப்பட்டி அவர் கையில் இருந்தது. எது முதலில் நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இருட்டில் ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு மாமி கத்தினார். அந்தக் கத்தலைப்போல் இனிமையான ஒன்றை நான் இன்றுவரை கேட்டதில்லை.

"ஏலே ஜெகபரு! கனைக்காமக் கொள்ளாம நடை வரைக்கும் வந்து நிக்கிறியே! பச்ச ஒடம்புக்காரி இருக்கிற வீட்டுல வெளக்க வேற அணைக்கிறியா? சைனம்பு சொன்ன லெச்சணமா இது? வரட்டும் எங்க வீட்டு ஆளு!"

சுவிட்சில் தீப்பொறி பறந்தது, அதனால்தான் வந்தேன் என்று ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்; தொழில் பிழைத்திருக்கும். ஆனால் பொய் சொன்னால் முளை அங்கேயே இருக்கும். சற்று நேரத்தில் லத்தீப் வந்து மெயினை ஏற்றுவார்.

"மாமி, காலையில நான் அடிச்ச முளை கேசிங்குல பாஞ்சு கரண்டுக் கம்பியில ஏறிருக்கு. கொடி முழுக்கக் கரண்டு. நான் செஞ்ச தப்பு. மெயின மட்டும் ஏத்திராதீங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமி கையிலிருந்த துப்பட்டியைப் பார்த்தார். அப்போது அறைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. குர்ஷித்தின் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அம்மா, காலையில அவுக அடிக்கையில மேல இருந்து ஒரு மரச் சிலாம்பு புள்ள பக்கத்துல விழுந்துச்சு. அந்தப் பலகை பொளந்து இரும்பு முனை எட்டிப் பாத்துச்சு."

"ஏண்டி, அப்பவே சொல்றதுக்கென்ன?"

"வெளிய ஆம்பள நிக்கிறாகளே, எப்பிடிம்மா சத்தம் குடுக்கிறது?"

பக்கத்து வீட்டுப் பெண் ஓடிப்போய் சைனம்புவைக் கூட்டி வந்தாள். அரிக்கேனோடு அறைக்குள் போன சைனம்பு, நான் முற்றத்திலிருந்து சொல்லச் சொல்ல, அரிவாள்மனையை வைத்து கேசிங் பலகையை நெம்பினாள்.

"முனை தெரியுதுங்க" என்றாள். "வயர் தோலைக் கிழிச்சுட்டு நிக்குது. செம்பு மினுங்குது."

நான் முளையைப் பிடுங்கினேன். அன்றிரவு அவர்கள் வீட்டில் அரிக்கேன்தான் எரிந்தது. லத்தீப் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். இனிமேல் பேகம்பூரில் எந்த வீட்டிலும் என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்தேன். எந்த வீட்டில் எந்தச் சுவரில் என்னென்ன அடித்தேன் என்று படுத்தபடி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். விடியும்வரை வேர்த்தது.

காலையில் ஜெய்தூன் மாமியிடமிருந்து ஆள் வந்தது. கயிற்றுக்கொடி கட்ட வேண்டுமாம். போகமாட்டேன் என்றேன். சைனம்பு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்று பழக்கத்தில் கனைத்தேன், ஒருமுறைதான் வந்தது.

"கனைச்சது போதும், வா" என்றார் மாமி. துப்பட்டி முன்பே அவர் தலையில் இருந்தது. "இனிமே கனைச்சுப்புட்டு சும்மா நிக்காத. சுவத்துக்கு அந்தப் பக்கம் என்னா இருக்குன்னு வாயத் தொறந்து கேளு. எங்க வீட்டுப் புள்ள பதில் சொல்லும்."

ஆணியைச் சுவரில் வைத்தேன். "அந்தப் பக்கம் என்ன இருக்கும்மா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

உள்ளே ஒரு கை சுவரை மூன்று முறை தட்டியது.

"இங்க ஒண்ணுமில்லண்ணே" என்றாள் குர்ஷித். "அடிங்க."