எட்டு நாளுக்கும் டிக்

தெருவில் யாராவது பிளாஸ்டிக் கவரோடு போனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. கண்ணமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் நான். நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிவிட்டு, மிச்சத்தை ஆரணிக்கு பஸ்ஸில் கொண்டுவந்து எங்கள் தெருவுக்குச் சொல்கிறவன். இப்போது சொல்வதில்லை. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லி முடிக்கும்வரை வெட்கம் பிடுங்கும், முடித்த பிறகும் விடப்போவதில்லை.

செப்டம்பரில் எங்கள் பங்குக் கோயிலில் படைப்பின் காலம் கொண்டாடுவார்கள். மண்ணையும் தண்ணீரையும் பற்றி ஒரு பிரசங்கம், ஆளுக்கொரு மரக்கன்று, அதோடு சரி. போன வருடம் அன்பியக் கூட்டத்தில், அதாவது தெருக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற கூட்டத்தில், நான் எழுந்து நின்றேன். "மரம் நட்டது போதும், முதலில் அவரவர் வீட்டைத் திருத்துவோம்" என்றேன். பன்னிரண்டு பழக்கங்களை ஓர் அட்டையில் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தேன். கடைக்குத் துணிப்பை. காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது பழைய சோறு. காய் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு. மக்கும் குப்பை தனி, மக்காதது தனி. ஐந்தாவது, பாக்கெட் உணவும் பார்சலும் கூடாது. ஏழாவது, இரவுச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தில் எல்லாரும் ஒன்றாக உட்காருவது. இப்படியே பன்னிரண்டு. செய்ததற்கு எதிரே தினமும் டிக் போட வேண்டும். கடைசி ஞாயிறு பூசை முடிந்ததும் நல்ல வீட்டுக்குப் பாதர் பொன்னாடை போர்த்துவார். போட்டியை நடத்துகிற குழுவில் நான் உண்டு, போட்டியில் என் வீடும் உண்டு. அதற்கே கொஞ்சம் கூசியிருக்க வேண்டும். கூசவில்லை.

எங்கள் வீட்டு அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலி கிடையாது. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்து வருவது என் மனைவி ஃப்ளோரன்ஸ். தண்ணீரைக் குடத்தில் சேர்த்து முருங்கைக்குத் தூக்கிப் போவது அவள். குப்பையைப் பிரிப்பது அவள். இதற்கு நடுவில் காலையில் ஐந்து மணி நேரமும் மாலையில் மூன்று மணி நேரமும் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்வதும் அவள்தான். டிக் போடுவது நான். சிவப்புப் பேனா, வாத்தியார் கை, அழகாக விழும்.

பாஞ்சாலைக்காவிடம் நான் நடந்துகொண்டதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். தறியில் அறுந்துபோன இழைகளை முடிந்து கொடுக்கவும், புதுப் பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகளை, பழைய பாவின் நுனியோடு இழை இழையாகச் சேர்க்கவும் வீடு வீடாகப் போகிறவர். ஒருநாள் சாயங்காலம் கறுப்புக் கவரில் மீன் வாங்கிக்கொண்டு வந்தவரைத் தெருமுனையில் நிறுத்தினேன். சுற்றிலும் பிள்ளைகள்.

"இன்னாக்கா இது? ஒரு துணிப்பை எடுத்துகினு போறதுக்குக் கை வலிக்குதா? உன் பேத்திக்குப் பேத்தி பொறந்தாலும் இந்தக் கவரு மக்காது."

"வேலையிலருந்து அப்பிடியே வந்துட்டேன் சார். இனிமே எடுத்துகினு போறேன்" என்று சிரித்தார். கவரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அதை நான் அடுத்த கூட்டத்தில் ஒரு வெற்றியாக வேறு சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் சந்தவாசலிலிருந்து போன் வந்தது. ஃப்ளோரன்ஸின் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். கூட இருக்க ஆள் இல்லை. ஃப்ளோரன்ஸ் வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினாள். தறியில் ஒரு முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. அரக்கு நிறம். ஐப்பசி முதல் முகூர்த்தத்துக்குப் போக வேண்டியது. தேதி தவறினால் அடுத்த பாவு வேறு ஆளுக்குத்தான் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருடமாக அவள் நெய்கிற தறி அது. பை தூக்கியவள் தறியறை வாசலில் நின்றாள்.

"ன்னாங்க, வேட்டி போட்டு மூடியிருக்கேன். திங்கற பொருள் எதுவும் இந்த ரூமுக்குள்ள போவக்கூடாது. ஒரு பருக்கை வுழுந்தாலும் எலி வந்துடும். பட்டுல அது வாய வச்சுதுன்னா என் பொழப்பு போச்சு."

"எனக்குத் தெரியாதா? ஜல்தி கெளம்பு, பஸ்ஸு போயிடும்."

அன்று சாயங்காலம் உலை வைத்தேன். சோறு அடிப்பிடித்தது, குழம்பு வாயில் வைக்கிற மாதிரி இல்லை. சோபியாவுக்குப் பசி. ஏழாவது படிக்கிற பெண், பசித்தால் பேசமாட்டாள். போய்ப் பரோட்டா வாங்கி வந்தேன். சால்னா ஒரு கவரில், குருமா ஒரு கவரில், எல்லாம் சேர்த்து ஒரு பெரிய கவரில். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அட்டை முன்னால் நின்றேன்.

"ப்பா, அஞ்சாவதுக்கு இன்னிக்கு டிக் கிடையாதுல்ல?" என்றாள் சோபியா.

"ஒரு நாள்தானே? ஒரு கட்டம் மட்டும் காலியா இருந்தா பாக்கறதுக்கு அசிங்கமா இருக்கும்."

பன்னிரண்டுக்கும் மேலிருந்து கீழ்வரை மளமளவென்று போட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பாக்கெட் மாவு. அதற்கு மறுநாள் பிரியாணி. அட்டை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நிறைந்துகொண்டு வந்தது.

கவர்கள்தான் பெரிய பேஜாராகப் போயின. குப்பை வண்டி தள்ளி வருகிற துரையிடம், "கலந்து போட்டால் யார் வீடாக இருந்தாலும் வாங்காதே, திருப்பிக் கொடு" என்று தெருவே கேட்கச் சொல்லிவைத்தவன் நான். அவனிடம் எந்த முகத்தோடு சால்னா கவரை நீட்டுவது? எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்து அடுப்படி மூலையில் வைத்தேன். புதன்கிழமை சாயங்காலம் எங்கள் கோயில் உபதேசியார் இன்னாசிமுத்து போன் செய்தார்.

"சார், குழுவோட தெருமுனையில இருக்கோம். உங்க வீட்ட பாத்துட்டு அத வச்சிதான் மத்த வீட்டுக்கு மார்க் போடணும்."

பத்து நிமிடம்கூட இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். பின்கட்டைப் பார்ப்பார்கள், அடுப்படியைத் திறப்பார்கள். யாரும் எட்டிப் பார்க்காத இடம் ஒன்றுதான் இருந்தது. நெய்கிறவர் காலை இறக்கி மிதிக்கட்டையை மிதிப்பதற்குத் தறிக்குக் கீழே முழங்கால் ஆழத்தில் ஒரு குழி இருக்கும். பையை அதற்குள் போட்டேன். மேலே வேட்டியை இழுத்து விட்டேன். திரும்பினால் சோபியா வாசலில் நிற்கிறாள்.

"ப்பா, அம்மா சொன்னாங்க..."

"அவங்க போனதும் எடுத்துடலாம். நீ போய் முருங்கைக்குத் தண்ணி ஊத்து. போ."

இன்னாசிமுத்து அட்டையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கட்டம்கூட விடவில்லையே என்று மற்றவர்களிடம் காட்டினார், போட்டோ எடுத்துக்கொண்டார். "சார் வீடுன்னா சார் வீடுதான்" என்றார். நான் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

போனதும் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இடம் தோதாக இருந்தது. வியாழக்கிழமை கவர்களும் வெள்ளிக்கிழமை கவர்களும் அதே குழிக்குப் போயின.

சனிக்கிழமை காலை, ஃப்ளோரன்ஸ் திரும்பி வருகிற நாள். சோபியா தறியறையிலிருந்து கத்தினாள். வேட்டியை விலக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். குழிக்கு நேர்மேலே, இடது கரை ஓரமாக நாலு விரல் அகலத்துக்குப் பாவு அறுந்து தொங்கியது. அரக்கு இழைகள் துண்டு துண்டாகக் குழிக்குள் உதிர்ந்து கிடந்தன. சால்னா நாற்றம். கவரைப் பிய்க்க வந்த எலி கவரோடு நிற்கவில்லை.

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ஃப்ளோரன்ஸின் புடவை போயிற்றே என்பது இல்லை. அவள் வருவதற்குள் இதைச் சரிசெய்துவிட முடியுமா என்பதுதான்.

"அம்மா கேட்டா எலி தானா வந்துச்சுன்னு சொல்லு, இன்னா?" என்றேன்.

சோபியா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பெற்ற பெண்ணைப் பொய் சொல்லச் சொல்லிவிட்டு அந்தப் பார்வைக்கு எதிரில் நிற்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடினேன். இந்த வேலைக்கு இந்தத் தெருவில் பாஞ்சாலைக்காவை விட்டால் ஆள் கிடையாது.

அவர் வாயில் வைக்கப்போன கூழை அப்படியே வைத்துவிட்டு, சாம்பல் டப்பாவை எடுத்துக்கொண்டு உடனே வந்தார். குனிந்து பார்த்தார்.

"முந்நூறு இழைக்கு மேல போயிருக்கும் சார். உக்காந்தாதான் செய்ய முடியும். குழில கால வுடணும். உள்ள இன்னாவோ கெடக்குதே, எடுங்க."

எடுத்தேன். வேறு வழி? ஒவ்வொன்றாக, அவர் கண் முன்னால். பரோட்டா கவர், மாவு பாக்கெட், பிரியாணி டப்பா, எண்ணெய் வடிகிற கறுப்புக் கவர்கள். அன்று மீன் இருந்ததே, அதே கறுப்பு. பாஞ்சாலைக்கா வாசல் வழியே தெரிந்த கூடத்து அட்டையைப் பார்த்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. ஏதாவது திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது உளறித் தப்பித்திருப்பேன்.

நான்கு மணி நேரம் உட்கார்ந்தார். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, அறுந்த நுனியோடு புது இழையைச் சேர்த்து முறுக்கி முறுக்கி முடிந்தார். நான் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கை வலித்தது. சொல்ல வெட்கமாக இருந்தது.

"ஆச்சு சார். ஆனா நெய்யும்போது ஒவ்வொரு முடிச்சும் அச்சோட பல்லுல வந்து முட்டும். ஃப்ளோரன்ஸுதான் கையால ஒண்ணொண்ணா தள்ளி வுடணும். ரெண்டு நாள்ல நெய்யறது அஞ்சு நாள் இழுக்கும். தேதிக்கு முடிக்கணும்னா ராவும் பகலும் உக்காரணும்."

எழுந்தவர் குப்பைப் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத நான் போற வழில துரைகிட்ட போட்டுடறேன் சார். என் கையில இருந்தா யாரும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்கு உதவி செய்வதாக நினைத்துச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பையை நீட்டினேன். ஆமாம், நீட்டினேன்.

கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். துரையின் வண்டி நாலு வீடு தள்ளி நின்றது. அவன் குரல் நன்றாகக் கேட்டது.

"இன்னாக்கா, இத்தினி கவரா! கிளமெண்ட் சார் பாத்தாருன்னா உன்ன நடுத்தெருவுல நிக்க வச்சு பாடம் எடுப்பாரு."

தெருவில் யாரோ சிரித்தார்கள். பாஞ்சாலைக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்துப் பையின்மேல் போட்டார்.

என்னைத் தாண்டிக்கொண்டு சோபியா வெளியே போனாள். செருப்புகூடப் போடவில்லை. நேராகப் போய்ப் பையின் ஒரு காதைப் பிடித்தாள். "இது எங்க வீட்டுது, துரைண்ணா. எங்கப்பா வாங்கியாந்தது" என்றாள். தெருவே கேட்டது.

அதற்குப் பிறகுதான் என் கால் வாசற்படியைத் தாண்டியது. போய்ப் பையை வாங்கிக்கொண்டேன். "என்னுதுதான் துரை, கலந்துதான் இருக்குது" என்றேன். அவன் வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். திருப்பிக் கொடு என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தானே. தெருவில் உட்கார்ந்து பிரித்துப் போட்டேன். பாதியில் நிமிர்ந்தபோது, கையில் பையோடு ஃப்ளோரன்ஸ் நின்றுகொண்டிருந்தாள். எட்டு நாளில் கண் உள்ளே போயிருந்தது.

வீட்டுக்குள் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். சோபியாவைப் பொய் சொல்லச் சொன்னதையும் சொன்னேன். ஃப்ளோரன்ஸ் நான் பேசும்போதே தறியறைக்குப் போய்விட்டாள். அறுந்து முடிச்சுப் போட்ட இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். "பாஞ்சாலைக்கா சாப்ட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் அதைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

வெளியே வந்தவள் அட்டை முன்னால் நின்றாள். நான் கிழித்துப் போட்டிருக்கலாம், தோன்றவில்லை. பன்னிரண்டு வரிகளையும் மெதுவாகப் படித்தாள். ஏழாவது வரியில் விரலை வைத்தாள். வெள்ளியிலிருந்து வெள்ளிவரை, எட்டு சிவப்பு டிக்குகளின்மேல் விரலை நகர்த்திக்கொண்டே போனாள்.

"குடும்பத்துல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்ட்டது. எட்டு நாளும்" என்றாள். "குழுவுலருந்து வந்தாங்களே, அவங்க யாரும் நான் எங்கன்னு கேக்கலியா?"

யாரும் கேட்கவில்லை. டிக் போடும்போது எனக்கும் தோன்றவில்லை.