சாட்சிக்காக நிறுத்திய மருந்து

ஜெபராணி டீச்சர் எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது தரையில் விழுந்தாள், கைகால் இழுத்துக்கொண்டது. பாளையங்கோட்டையில் எல்லாருக்கும் தெரிந்த முதல் சேதி அதுதான். அதற்கு முந்தைய மூன்று வருஷத்துச் சேதி அவளுக்கும் ஏழெட்டு மருந்துக்கடைக்காரர்களுக்கும் மட்டும் தெரியும்.

மூன்று வருஷம் முன்னால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் முதுகுத்தண்டில் வட்டு விலகி, ஆபரேஷன் ஆயிற்று. வலிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, பத்து நாளைக்கு. பத்து நாளில் வலி போயிற்று, மாத்திரை போகவில்லை. அதில் கிறக்கமோ ஆனந்தமோ இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. குடிகாரனுக்காவது குடித்தால் பாட்டு வரும். இவளுக்கு வந்ததெல்லாம், எதுவும் உறைக்காத ஒரு நிலைமை. தலைமையாசிரியை ஏசினால் உறைக்காது, நாத்தனார் குத்திப் பேசினால் உறைக்காது. நாற்பத்தைந்து வயதுவரை எல்லாமே உறைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய இளைப்பாறுதலாக இருந்தது.

இரண்டு நாலாயிற்று, நாலு எட்டாயிற்று. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன என்று பதினாலில் வந்து நின்றது. அதற்குள் இளைப்பாறுதலும் போய்விட்டது. நேரத்துக்குப் போடாவிட்டால் கொட்டாவி வரும், மூக்கு ஒழுகும், மேலெல்லாம் மயிர் குத்திட்டு நிற்கும், வயிறு கழியும், படுத்தால் கால் தானாக உதறும். அந்தக் கால் உதறலுக்குப் பயந்தே அவள் போட்டாள். ஒரு கடையில் வாங்கினால் சந்தேகம் வரும் என்று சமாதானபுரத்தில் ஒரு நாள், பெருமாள்புரத்தில் ஒரு நாள், வண்ணார்பேட்டையில் ஒரு நாள் என்று முறைவைத்து வாங்கினாள். கணக்கு டீச்சர் அல்லவா, முறை பிசகவே இல்லை.

இடையில் களக்காட்டில் அவளுடைய அப்பா செத்துப்போனார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பெட்டியின் பக்கத்தில் நின்றாள். விசுவாசமுள்ள மகள், எப்படித் திடமாக நிற்கிறாள் பாருங்கள் என்று எல்லாரும் மெச்சினார்கள். அவளுக்கு அழ வேண்டும் என்று தெரிந்தது, அழுகையைத்தான் காணவில்லை. அன்றைக்குக் காலையில் எப்போதும் போடுவதற்கு மேல் இரண்டு போட்டிருந்தாள்.

இவ்வளவும் ஒரே வீட்டில் இருந்த புருஷன் நேசையாவுக்குத் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், சாப்பிடுகிறவர் இலையைப் பார்க்காவிட்டால் தாராளமாக மறைக்கலாம். நேசையா மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க், சபையில் கமிட்டிச் செயலாளர். கெட்டவர் இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்துவிட்டால் இறங்கின பிறகும் ஓடிப்போய் வாங்குகிற ஆள். அந்த நேர்மைதான் பிற்பாடு வினையாய் முடிந்தது.

வகுப்பில் விழுந்தவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலிப்பு என்று சேர்த்துப் பார்த்ததில், அங்கேயே போதை மீட்புப் பிரிவில் இருந்த சித்ரலேகா டாக்டருக்கு ஏதோ சந்தேகம் தட்டியது. நேசையாவை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை போடுதிய, டீச்சர்?"

மூன்று வருஷத்தில் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அந்தப் பெண்தான். "பதினாலு" என்றாள் ஜெபராணி. சொன்னதும் உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது.

டாக்டர் ஏசவும் இல்லை, உபதேசம் பண்ணவும் இல்லை. மூளை இந்த மாத்திரைக்குப் பழகிப்போய்விட்டது, அதை வைராக்கியத்தால் மட்டும் மாற்றிவிட முடியாது என்று விளக்கினாள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற வேறொரு மருந்து உண்டு. அது கால் உதறலையும் மாத்திரைமேல் எழும் தேட்டத்தையும் அடக்கிவைக்கும், மனுஷியை மந்தமாக்காது என்றாள். முதலில் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து, நர்ஸ் முன்னால் வைத்துக் கரைக்க வேண்டியிருந்தது. பிறகு வாரத்துக்கு ஒரு தடவை கொடுத்துவிட்டார்கள். டீ குடித்துத் திரும்பி விஷயத்தைத் தெரிந்துகொண்ட நேசையா எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, மேலேயும் ஆகலாம் என்று பதில் வந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் ஜெபராணியிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னாள்.

"நீங்களா நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டிட்டு, ஒரு நாள் தாங்காம பழைய கணக்குக்கே போனியன்னா ஒடம்பு தாங்காது. தூக்கத்துலயே மூச்சு நின்னு போகும்."

ஐந்து மாதம் நன்றாகப் போயிற்று. ஜெபராணிக்கு மறுபடியும் எல்லாம் உறைக்க ஆரம்பித்தது. ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கியதற்காக உட்கார்ந்து அரைமணி நேரம் அழுதாள். அது பாலுக்காக அல்ல, அப்பாவுக்காக என்று அவளுக்குத் தெரியும்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேசையா ஒரு பொருத்தனை பண்ணியிருந்தார். மனைவி பிழைத்தால், ஸ்தோத்திரப் பண்டிகையில் இருவரும் சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொல்வதாக. பண்டிகைக்கு மூன்று வாரம் இருந்தது. சொல்லப்போகிற சாட்சியை அவர் பேப்பரில் எழுதிப் பார்த்தார். 'பூரண விடுதலை' என்று எழுதியவர் பேனாவை மூடிவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"மருந்தைச் சாப்பிட்டுக்கிட்டே விடுதலையாயிட்டேன்னு சொன்னா அது பொய்ச்சாட்சி, ஜெபா" என்றார்.

அந்த வார்த்தையை மாற்றி எழுதியிருக்கலாம். மருந்தால் கடவுள் சுகம் தந்தார் என்று எழுதினால் யார் வேண்டாம் என்றது? நேசையாவுக்கே தினமும் சர்க்கரைக்கு ஊசி உண்டு, அதற்காக அவர் ஸ்தோத்திரம் சொல்லாமல் இருந்ததில்லை. ஆனால் இந்த நோய்க்கு மட்டும் மனுஷர் வேறு கணக்கு வைத்திருந்தார். ஒரு மாத்திரையை விட்டு இன்னொரு மாத்திரையைப் பிடித்தால் அது விடுதலையா என்று கேட்டார். ஜெபராணிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மூன்று வருஷம் ஏய்த்த புருஷனுக்கு இந்த ஒன்றையாவது கொடுக்கவேண்டும் என்று நினைத்தாள். மருந்தை நிறுத்தினார்கள், டாக்டரிடம் சொல்லவில்லை.

அந்த மூன்று வாரத்துக்கும் விஷக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்தாள். கால் உதறியது, தூக்கம் ஓடிப்போயிற்று. நேசையா ராத்திரியெல்லாம் அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். பிரியத்தில் ஒரு குறையும் இல்லை. பண்டிகையன்று அவள் வெள்ளைச் சேலையில் நின்று, பதினாலு மாத்திரையிலிருந்து தான் விடுபட்டதையும் இப்போது எந்த மருந்தும் இல்லாமல் நிற்பதையும் சொன்னாள். அன்றைய தேதிக்கு அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சபையே கண்ணைத் துடைத்தது. நேசையா அதைப் போனில் படம்பிடித்து எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார்.

ஆறாம் நாள் ஜெபராணி பெருமாள்புரத்துக் கடையில் நின்றாள். டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்ததால் இரண்டு மட்டும் போட்டாள். அப்புறம் மூன்று, அப்புறம் நாலு. பாலும் அப்பாவும் தூரப் போனார்கள். வருத்தப்பட வேண்டும் என்று நினைத்தாள், அதுவும் வரவில்லை. டாக்டரிடம் போகலாம்தான். போனால் மருந்து தருவார்கள், மருந்து வாங்கினால் சாட்சி பொய்யாகும், சாட்சி பொய்யானால் நேசையா சபையில் தலைகாட்ட முடியாது. மெழுகுவர்த்தி எரிகிற மாதிரி மெல்ல மெல்லச் செத்தாலும் அந்த மனுஷன் முகத்தில் கரி பூசக் கூடாது என்று இருந்தாள். அடுத்த மாதம் ஆறாகும், எட்டாகும். என்றைக்காவது கை தவறிப் பதினாலாகும். அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது, பயம்தான் வரவில்லை.

இதற்கிடையில் அந்த வீடியோ ஊர் ஊராகப் போயிற்று. ராதாபுரத்தில் நடக்கிற சாயங்கால நற்செய்திக் கூட்டத்துக்கு டீச்சர் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். நேசையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாடகைக் கார் பிடித்துக் கூட்டிப்போனார். வழியெல்லாம் பனையும் காற்றாலையுமாக ஓடியது. பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது கழிப்பறைக்குள் போய் நாலு மாத்திரை விழுங்கினாள்.

மேடையில் ஏறி, போன மாதம் சொன்னதையே சொன்னாள். இப்போது ஒவ்வொரு எழுத்தும் பொய். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எப்பேர்ப்பட்ட சமாதானம் அந்த அம்மா முகத்தில் என்று முன்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

இறங்கி வந்தவளை ஒரு பெண் வழிமறித்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் சாலோமி, அங்கன்வாடியில் வேலை. அவளுடைய மகள் டார்லின் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, நோயாளிகளுக்குப் போட்டு மிஞ்சின வலி ஊசியைத் தனக்குப் போட ஆரம்பித்து, வேலையும் போய், ஏழு மாதமாக நாக்குக்கு அடியில் வைக்கிற அதே மருந்தில் இருந்தாளாம்.

"உங்க வீடியோ வந்த அன்னைக்கே மருந்தையெல்லாம் கிணத்துல போட்டுட்டேன், டீச்சரம்மா" என்றாள் சாலோமி. "டீச்சரால முடிஞ்சது உன்னால முடியாதான்னு கேட்டேன். இன்னைக்குப் பத்து நாள். நீங்க ஒரு தரம் அவ தலையில கை வச்சு ஜெபம் பண்ணணும்."

டார்லின் பந்தலின் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். இருபத்தேழு வயதிருக்கும். அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டாள், அந்தப் புழுக்கத்திலும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள். ஜெபராணி தலையில் கை வைக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கால் உதறுதா?"

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். பத்து நாளில் எல்லாரும் அவளிடம் விசுவாசத்தைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள், காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "ராத்திரி பூராவும்" என்றாள்.

ஜெபராணி சாலோமியைப் பார்த்தாள். அவள் ஜெபத்துக்காக முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். பின்னால் நேசையா போனை உயர்த்திப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார், இதையும் படம்பிடிக்க.

"நான் மேடையில சொன்னது பொய்" என்றாள் ஜெபராணி. "இங்கன வார வழியில நாலு போட்டுட்டுத்தான் வந்தேன். மருந்து சாப்பிட்ட அஞ்சு மாசந்தான் நான் நல்லா இருந்தேன்."

சாலோமி கண்ணைத் திறந்தாள். பேசியது டார்லின். அவள் அம்மாவைப் பார்க்காமல், தன் மடியைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு ஊசி இருக்குக்கா. இன்னைக்கு ராத்திரி போடலாம்னு வச்சிருக்கேன். டீச்சரால முடிஞ்சது என்னால முடியலையேன்னு ஆயிப்போச்சு."

"எவ்வளவு?"

"பழைய அளவுதான்."

பழைய அளவு என்றால் என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒருத்தி நர்ஸ், இன்னொருத்திக்கு டாக்டர் சொல்லியிருந்தாள். டார்லின் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். சாலோமி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெபராணி டார்லினின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவேண்டிய இடம், வரவில்லை. உள்ளே போன நாலு மாத்திரை அதை வர விடவில்லை. ஒரு பெண் பிள்ளை இன்றைக்குச் சாக இருந்தாள், அதற்குக்கூடக் கண்ணில் ஒரு சொட்டு இல்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரமாவது வந்ததே என்று இருந்தது.

சித்ரலேகா டாக்டரின் நம்பர் அவள் போனில் இருந்தது. கூப்பிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பெண்ணைத் தனியாக விடாதீர்கள், இரண்டு பேரும் இப்போதே புறப்பட்டு வந்துவிடுங்கள், வார்டில் சொல்லி வைக்கிறேன் என்றாள்.

நேசையா போனைக் கீழே இறக்கியிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது தெரிந்தது. அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தாள்.

"எத்தனை நாளா, ஜெபா?"

"பண்டிகை முடிஞ்சு ஆறாம் நாள்ல இருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க பொருத்தனை பண்ணியிருந்திய."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேடையில் அடுத்த பாட்டு ஆரம்பித்திருந்தது. டார்லினைப் பார்த்தார், மண்ணில் இருந்த சாலோமியைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தார். பத்தொன்பது குழுவுக்கு அந்த வீடியோவை அவர் அனுப்பியிருந்தார். அங்கிருந்து எங்கெங்கே போயிற்று, எந்தெந்த வீட்டில் யார் எதைக் கிணற்றில் போட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. முதல் குழுவைத் திறந்தார்.

"பொய்ச்சாட்சின்னு எழுதிருதேன்" என்றார். "ரெண்டு பேரும் சேந்து சொன்ன பொய்ச்சாட்சின்னு."

"அது ரெண்டாவது வரியில இருக்கட்டும்" என்றாள் ஜெபராணி. "மருந்தை நிப்பாட்டாதீங்கன்னு மொதல்ல எழுதுங்க."